பாடம் முடிந்த பிறகு

சென்னீர்குப்பம்
12 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அவரும் நலம். அங்கே நீங்களும் கோமளா அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தையின் முழங்கால் வலி தேவலையா? போன் செய்தால் "விஷயத்தை மெயிலில் எழுதும்மா, கம்ப்யூட்டர் என் காதில் நிதானமாக வாசிக்கட்டும்" என்று வைத்துவிடுகிறீர்கள். திருச்சி வெயிலுக்கு உங்களுக்கு வாய் பேசக்கூட அலுப்பாகிவிட்டது என்று அம்மா சொல்கிறாள்.

விஷயம் எங்கள் நூலகத்தைப் பற்றியது. பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிந்த கேசட்டுகளை எல்லாம் பல வருஷம் முன்பே தொண்டர்கள் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருந்தார்கள் அல்லவா? மாற்றியவர்கள் அத்தனையையும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போன மாதம் அது டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. கையைக் காலைப் பிடித்து ஆள் வரவழைத்து, பெரும்பாலானதைக் காப்பாற்றிவிட்டோம். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன, திரும்ப எடுக்க வழியில்லை.

இனி அந்தத் தவறு நடக்காது. மூலக்கோப்பு அப்படியே இரண்டு ஊர்களில் இருக்கும், அதில் யாரும் கைவைக்க முடியாது. அதிலிருந்து ஒரு பிரதி எடுத்து, பதிவு செய்த மாணவர்கள் எந்த ஊரிலிருந்தும் செல்போனில் கேட்கும்படி ஆப் வழியாகத் திறக்கப்போகிறோம். நீங்கள் பி.ஏ. முடித்ததும் கொடுத்த கேசட்டுகள், அதாவது அம்மா உங்களுக்காக வாசித்த வரலாறு முழுவதும், அதில் இருக்கிறது. கொடுத்தவர் சம்மதம் வேண்டும். ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அம்மாவிடம் கேட்டால் "அத்தெல்லாம் இன்னுமா வெச்சிகினு கீறீங்கோ, தூக்கிக் கடாசு" என்பாள். அதனால் கேட்கவில்லை.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள்
மதி

*

திருச்சி
19 ஜனவரி 2025

அன்பு மதிக்கு,

உன் மாமாவின் ஆசிகள். இங்கு இருவரும் சுகம். உன் அத்தை முழங்காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் புலம்புகிறாள், ஆகவே முழங்கால் தேவலை என்று அர்த்தம்.

பரந்தாமனாகிய நான் மனப்பூர்வமாகச் சம்மதிக்கிறேன். உன் அம்மா வாசிப்பில் நெப்போலியன் ஆவடி ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருகிறவன் மாதிரியே இருப்பான். முப்பது வருஷம் வரலாறு வாத்தியாராக இருந்தேன். வகுப்பில் நான் பேசியது பாதி அவள் குரல்தான். அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். பாடம் முடிந்தவுடன் நறுக்கிவிடு. அதன் பிறகு வருவது வெறும் இரைச்சல். மூலக்கோப்பிலும் நறுக்கிவிட்டால் இடம் மிச்சமாகும்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அன்புடன்
பரந்தாமன்

*

சென்னீர்குப்பம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய வேட்டியைக் கட்டிக்கொண்டு உங்கள் மாப்பிள்ளை பூந்தமல்லி மார்க்கெட் முழுக்கச் சுற்றி வந்துவிட்டார்.

ஆப் திறந்துவிட்டோம். நீங்கள் சொன்னபடியே, வாசிப்பு நின்று நீண்ட மௌனம் வந்தால் அதோடு வெட்டிவிடும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைத்தேன். மூலத்தை மட்டும் தொடவில்லை. இடம் ஏகப்பட்டது கிடக்கிறது, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இரண்டு நாளில் ஒரு புகார் வந்தது. எழிலரசி என்று ஒரு பெண். ஆவடியில் ஒரு வங்கியில் வேலை. படிக்கிற காலத்தில் எங்கள் நூலகத்திலேயே கிடந்தவள். போனில் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். "மேடம், பாடத்துக்கு அப்பால அக்கா பேசுவாங்களே, அத்த இன்னாத்துக்கு வெட்டினீங்க? நாங்க பாடம் கேட்டதே அதுக்குத்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூலத்தைத் திறந்து கேட்டேன். பாடம் முடிகிறது. மௌனம். பிறகு அம்மா:

"பாடம் முடிஞ்சிடிச்சிடா. ரூம்ல யாராச்சும் இருந்தா ஹெட்போன மாட்டிக்கோ. இன்னா ஆச்சு தெரியுமா, ஊட்டுக்காரரு புது சைக்கிள் வாங்கினு வந்தாரு. மாமியாரு எலுமிச்சம்பழத்த வெச்சி அதும்மேல ஏத்தச் சொன்னாங்க. ஏத்தினாரு. பழத்தோட சேத்து பக்கத்து ஊட்டுக் கோழிக்குஞ்சும் காலி."

நூலகத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மாமா, இதையா இரைச்சல் என்றீர்கள்?

உங்கள்
மதி

*

திருச்சி
9 மார்ச் 2025

அன்பு மதி,

நலம். தாமதத்துக்குக் காரணம் உடம்பு இல்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

நான் விடுதியில் இருந்தபோது எனக்கு வரும் கடிதத்தை வார்டனோ அறைத் தோழனோ சத்தமாக வாசித்துத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டும். உன் அம்மா கல்யாணமான புதிது. மாமியார் வீட்டில் பட்டதை ஒருமுறை மனம் விட்டு எழுதிவிட்டாள். வார்டன் நடுக்கூடத்தில் வைத்து வாசித்தார். நடுவில் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். சாப்பிட உட்கார்ந்திருந்த பையன்கள் தட்டை நகர்த்தாமல் கேட்டார்கள். அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் இன்னும் போகவில்லை.

அதற்கப்புறம் அவள் தாளில் எழுதவே இல்லை. பாடம் வாசித்து முடித்ததும் மீதமிருக்கும் நாடாவில் எனக்கு மட்டும் பேசினாள். யாராவது எடுத்துப் போட்டாலும் முதலில் வருவது பிரஷ்யாவின் நிலச்சீர்திருத்தம். அதைத் தாண்டி எவன் வருவான் என்று இருவரும் நினைத்தோம்.

படிப்பு முடிந்து நூலகத்துக்குக் கொடுக்கும்போது அவள் பேசியதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்தேன்: 'பாடம் முடிந்தபின் உள்ளதை அழித்துவிட்டுப் பயன்படுத்தவும்.' அழித்துவிட்டார்கள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். நீ பதிவுகளைக் காப்பாற்றியதாக எழுதியபோதுதான் பயம் வந்தது.

அவை அடுத்தவர் கேட்பதற்கு இல்லை, மதி. நீயும் கேட்க வேண்டாம். மூலத்திலேயே அழித்துவிடு. மாமா சொல்கிறேன்.

பரந்தாமன்

*

சென்னீர்குப்பம்
15 மார்ச் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும், இதை மனதில் போட்டு உழப்பிக்கொள்ளக் கூடாது.

உங்கள் சீட்டு என்ன ஆயிற்று என்று கண்டுபிடித்துவிட்டேன். காலிப் பெட்டிகள் இன்னும் பரணில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சீட்டை உரித்த பசைத் தடம், அதன் மேல் பேனாவில் எண். ஒன்றில் மட்டும் பாதிச் சீட்டு தங்கியிருந்தது. எழிலரசி வந்திருந்தாள், அவள் கையில் கொடுத்தேன். விரலை ஓட்டிவிட்டு "'அழித்துவிட்டு'ன்னு எழுதிகீது மேடம்" என்றாள். நீங்கள் பிரெய்லியில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்! பார்வையுள்ள தொண்டர் யாரோ அதை வெற்றுக் காகிதம் என்று நினைத்துக் கிழித்துப் போட்டிருக்கிறார். பார்வையற்றோர் நூலகத்தில் இப்படி ஒரு கூத்து. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, மாமா.

அழிக்கச் சொல்கிறீர்கள். வேறு எதைச் சொன்னாலும் செய்வேன். பேசியவர் கேட்டுக்கொண்டால் பூட்டி வைக்கலாம், வெளியே விடாமல் இருக்கலாம். மூலத்தை அழிப்பதில்லை என்று விதி எழுதியவளே நான்தான். முதல் ஆளாக என் குடும்பத்துக்காக அதை மீறினால் நாளைக்கு மற்றவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். நிறுத்த முடியவில்லை. அதில் பேசுகிற பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள். என்ன வாய், என்ன துடுக்கு! உங்களுக்கு வாசித்து வாசித்து, தானும் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்திருக்கிறாளே, அதை ஏன் யாரும் எனக்குச் சொல்லவில்லை? முதல் வருஷம் பாஸ், இரண்டாம் வருஷமும் பாஸ். என் கல்லூரி அட்மிஷனுக்கு வந்து "எனக்கு இன்னா தெரியும், நீயே பாத்து எழுது" என்று ஓரமாக நின்றவள் அவள்தான். எனக்குக் கோபமும் பெருமையுமாக இருக்கிறது.

அடுத்தது மூன்றாம் வருஷம்.

உங்கள்
மதி

*

திருச்சி
16 மார்ச் 2025

மதி,

நலமே. மூன்றாம் வருஷத்துக்குப் போகாதே. அதில் ஒலி சரியாக இருக்காது, நாடா இழுத்துப்போன வருஷம் அது. உனக்கு வேறு வேலை இல்லையா? கண்ணு, மாமா கெஞ்சிக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள்.

பரந்தாமன்

*

திருச்சி
11 மே 2025

அன்பு மதிக்கு,

உன்னிடமிருந்து கடிதமே இல்லை. சுகமாக இருக்கிறாயா? மாப்பிள்ளை சுகமா? இங்கே வெயில் கொளுத்துகிறது. உன் அத்தை வடகம் போட்டு மாடியை அடைத்து வைத்திருக்கிறாள். உனக்கு ஒரு டப்பா எடுத்து வைத்தாகிவிட்டது.

உன் அம்மாவிடம் பேசினேன். சேக்காட்டு வீட்டுக்கு நீ வந்து ஆறேழு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது என்றாள். "ஆபீஸ்ல இன்னாமோ டிஸ்க்கு ரிப்பேராம், மூச்சு விட நேரமில்லியாம்" என்றாள். டிஸ்க்கை ஜனவரியிலேயே சரி செய்துவிட்டாய் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

ஒரு வரியாவது எழுது.

அன்புடன்
பரந்தாமன்

*

சென்னீர்குப்பம்
1 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கு நலம். அத்தைக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

மூன்றாம் வருஷத்தைக் கேட்டேன். ஒலி நன்றாகவே இருக்கிறது.

நீங்கள் கேட்ட பிறகு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, சொல் மறந்திருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. எழுதிவிடுகிறேன், எழுதினால் அது என்னை விட்டு இறங்குமா என்று பார்க்கிறேன்.

"ஹால் டிக்கெட்டு வந்திடிச்சிடா. டாக்டரம்மா நடக்கவே கூடாதுன்னுட்டாங்க. எழுந்தா கலைஞ்சிடுமாம். படுத்துகினேதான் இத்த வாசிக்கறேன். அடுத்த வாரம் நீ பரிட்சை எழுதுவ, நான் எழுத மாட்டேன். இந்தப் புள்ள எனக்கு வேணாம்டா. கலைஞ்சா கலையட்டும்னு கெடக்குது மனசு. யார்கிட்டயும் சொல்லாத. செரி, பாடத்துல அந்த ஆஸ்திரியா மந்திரி மெட்டர்னிக்கு பாதியில நிக்கிறான், அந்தாண்ட சைடுல பாப்போம்."

அந்த வருஷம் செப்டம்பரில்தான் நான் பிறந்தேன்.

எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி படுக்கையில் கிடந்து சொன்னது. புரிகிறது. வேறு யாருடைய பதிவாக இருந்தாலும், கேட்டு முடித்ததும் விவரக்குறிப்பு எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். சேக்காட்டுக்குப் போனால் அவள் எனக்குச் சாதம் போடுவாள். அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிட எனக்கு இன்னும் முடியவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் கோப்பைப் பூட்டிவிட்டேன். மற்றவற்றின் பின்பகுதியையும் ஆப்பில் சேர்க்கப்போவதில்லை. எழிலரசிக்கு 'தொழில்நுட்பக் காரணம்' என்று பதில் அனுப்பிவிட்டேன். அவள் நம்பவில்லை.

அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

மதிவதனி

*

திருச்சி
4 ஜூன் 2025

என் கண்ணு மதி,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சொல் எனக்கும் மறக்கவில்லை. விடுதியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்ட ராத்திரி எனக்கும் மறுநாள் அதே பேப்பர்தான். கேள்வித்தாளில் மெட்டர்னிக் வந்தான். அவள் குரலை மனதில் ஓட்டி, எனக்காகத் தாளில் எழுத வந்த பையனுக்கு வரிக்கு வரி சொன்னேன். முதல் வகுப்பு வந்தது. அவள் எழுத வேண்டிய பரீட்சையை நான் எழுதி வேலைக்குப் போனேன் என்று எனக்கு ஒரு எண்ணம். உன்னைப் பிறந்த குழந்தையாக என் மடியில் வைத்தபோது உன் காதைத் தடவிப் பார்த்து, இதற்கு ஒருநாளும் அது கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். என் வேண்டுதலைப் பிரெய்லியில் எழுதி ஒட்டியதுதான் தப்பு.

உன் அம்மா அன்றைக்கு ஏதோ மயக்கத்தில் சொன்னாள் என்று நான் எழுதலாம். நீ நம்ப மாட்டாய். உன்னை அவள் தூக்கி வளர்த்ததை நீயே அறிவாய், அதையும் நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கோப்பை அழித்துவிடு என்று இன்னொரு முறை மட்டும் கேட்கிறேன். அக்காவுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம்.

என்றும் உன்
மாமா

*

சேக்காடு, ஆவடி
6 ஜூலை 2025

மதிக்கும் தம்பி பரந்தாமனுக்கும் சரசா சொல்லி எழிலரசி டைப் பண்றது. நான் நல்லாகீறேன். நீங்க ரெண்டு பேரும் நல்லா இல்லன்னு தெரியுது. நான் எப்பிடிப் பேசறனோ அப்பிடியே அடின்னு இந்தப் பொண்ணுகிட்ட சொல்லிகீறேன்.

இன்னா நடந்துச்சின்னா, போன வாரம் ஆவடி மார்க்கெட்லேர்ந்து ஷேர் ஆட்டோல வந்துகினு இருந்தேன். எறங்க வேண்டிய எடத்தத் தாண்டி நிறுத்தினான். "இன்னாபா நீ, பை கனமா கீது, கொஞ்சம் முன்னாலயே நிறுத்தினா கொறஞ்சா பூடுவ?"ன்னு கேட்டுகினு எறங்கறேன், உள்ள உக்காந்துகினு இருந்த பொண்ணு என் கையக் கெட்டியா புடிச்சிகிச்சி. "அக்கா, நீங்க பிரெஞ்சுப் புரட்சி வாசிச்ச சரசா அக்காதானே?"ன்னுச்சி. ஆட்டோல அத்தினி பேரும் என்னையே பாக்கறாங்கோ. எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுது. அப்புறம் அதுவும் எறங்கி என் கூடவே ஊட்டுக்கு வந்துடுச்சி.

கோழிக்குஞ்சு செத்தது தெரியுது அதுக்கு. என் மாமியாரு தெரியுது. எனக்கு வாந்தி வந்தது தெரியுது. என் பொண்ணு அந்த லைப்ரரியிலதான் வேலைன்னேன். "மதிவதனி மேடமா? அவங்கதான் எல்லாத்தையும் வெட்டிட்டாங்க"ன்னு சொல்லிச்சி. பரந்தாமனுக்குப் போனப் போட்டேன். ரெண்டு அதட்டு அதட்டினதும் எல்லாத்தையும் கக்கிட்டான்.

ஏண்டா, பேசினது நானு. ஆறு மாசமா மாமனும் மருமவளும் லெட்டர் லெட்டரா எழுதிக்கிறீங்கோ. வெட்டலாமா, பூட்டலாமா, அழிக்கலாமான்னு. ஒருத்தருக்காச்சும் என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேக்கணும்னு தோணிச்சா? அம்மா தாங்க மாட்டா, அக்கா தாங்க மாட்டான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்கோ. நான் தாங்கினதெல்லாம் அந்தக் கேசட்லயே கீதே, அத்தக் கேட்டுமா தெரியல?

எழிலரசி ஒண்ணு சொன்னா. அத்த மட்டும் அடிக்க மாட்டேன்னு அடம் புடிக்கிறா, நான்தான் அடிக்கச் சொல்றேன். அந்த ஹால் டிக்கெட்டு எடம் வந்தா இவளுக்கு என்மேல ஆத்திரம் ஆத்திரமா வருமாம். ஏன் அப்பால எழுதல, ஏன் உட்டுட்டன்னு. இவ கடைசி வருசம் படிக்கும்போது வயித்துல எட்டு மாசம். எல்லாரும் பரிட்சைக்குப் போவ வேணாம்னாங்களாம். "உம்மேல இருந்த கோவத்துலதான்கா போய் எழுதினேன்"னா. திட்டறாளா கும்புடறாளான்னு தெரியாம நான் காப்பி கலந்துகினு இருந்தேன்.

பரந்தாமா, நீ என் பரிட்சைய எழுதிட்டதா சொல்லிகினு கீறியாமே. போடா. என் பரிட்சைய நான்தான் எழுதல. மதி பொறந்து ஆறு மாசத்துல மறுபடியும் தேதி வந்துச்சி. ஃபார்ம் வாங்கி வெச்சேன். அப்பிடியே உட்டுட்டேன். யாரும் தடுக்கல. எனக்கே பயம், ஃபெயிலாயிட்டா இன்னா பண்றதுன்னு. அதுக்கு நீயும் இல்ல, இவளும் இல்ல.

மதி, உனக்குத்தான் சொல்றேன். நான் அன்னிக்குச் சொன்னது நெசம். மயக்கம் கியக்கம் ஒண்ணும் கெடியாது. வேணாம்னுதான் இருந்துச்சி. இல்லன்னு சொன்னா நீ அம்மா மனசுக்காக நம்பறாப்ல நடிப்ப, அப்பால காலம் பூரா நாம ரெண்டு பேரும் நடிச்சிகினே கெடக்கணும். அது எனக்கு வேணாம்.

வெட்டின எல்லாத்தையும் திரும்பப் போடு. அந்த எடத்தையும் போடு. வாசிச்சவங்க சரசா, சேக்காடுன்னு பேரும் போடு. கேக்கற பசங்க கேக்கட்டும், திட்டற பொண்ணுங்க திட்டட்டும். கையெழுத்து எங்க போடணுமோ போடறேன்.

ஆனா ஒண்ணு. நான் பேசிப் பேசி அனுப்பினேனே தவிர, அத்த ஒரு தடவ கூட நான் கேட்டதில்ல. வர்ற ஞாயித்துக்கெழம உன் கம்ப்யூட்டரத் தூக்கிகினு இங்க வா. என் எதிர்ல உக்காந்து எனக்குப் போட்டுக் காட்டு. கேசட்ல கீற அவ பேசறத நான் கேக்கறேன். நீ என் மூஞ்சப் பாரு. இன்னா தெரியுதோ அத்த எடுத்துக்க. அப்பால சாப்புடலாம்.

இப்பிடிக்கு
அம்மா